வீசிங் இருந்த பிள்ளை பைலட் ஆக முடியுமா? ஆரணித் தறி வீடுகளுக்கு ஒரு மருத்துவக் கணக்கு

ஆரணியில் பட்டுத் தறிச் சத்தம் இன்னும் ஓயவில்லை. ஆரணி டவுன், ஒண்ணுபுரம், முள்ளிப்பட்டு, அத்திமலைப்பட்டு, தேவிகாபுரம் என்று எங்கே போனாலும் குழித்தறியில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். ஆனால், அந்தத் தறிக்குழியில் அடுத்து இறங்கப்போவது யார் என்று கேட்டால் பல வீடுகளில் பதில் கிடையாது. அப்பா நெய்கிறார், அம்மா தார் சுற்றுகிறார், பிள்ளைகள் படிக்கிறார்கள். இன்ஜினீயரிங், நர்சிங், ஐ.டி என்று போன தலைமுறைக்குப் பிறகு, இப்போது பிளஸ் டூ-வில் இயற்பியலும் கணிதமும் எடுத்த பிள்ளைகளின் செல்போனில் பைலட் பயிற்சிப் பள்ளிகளின் விளம்பரங்களும் வந்து விழுகின்றன.

பணம் எங்கே புரட்டுவது என்பது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வி பெரும்பாலும் மெதுவான குரலில்தான் வரும். "சின்ன வயசுல வீசிங் இருந்துச்சு. நெபுலைசர்கூட வெச்சிருக்கோம். பைலட் மெடிக்கல்ல எடுத்துப்பாங்களா?"

ஆரணிப் பக்கம் இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. பட்டுக்கு எவ்வளவு பேரோ, அதே அளவு பேர் அரிசிக்கும் உண்டு. ஆரணியும் களம்பூரும் அரிசி ஆலை ஊர்கள். உமித்தூசு, தவிட்டுத்தூசு, நெல் அவிக்கும் கொதிகலனின் உமிப்புகை, சாயப்பட்டறை நெடி, ஜவ்வாது மலை அடிவாரத்திலிருந்து இறங்கும் மார்கழிப் பனி, போகிப் புகை எல்லாம் சேர்ந்தால், மூச்சுக்குழாய் கொஞ்சம் மென்மையான குழந்தைக்கு இழுப்பு வருவதில் ஆச்சர்யம் இல்லை.

கேள்விக்கான சுருக்கமான பதில்: ஆகலாம், ஆகாமலும் போகலாம். நோயின் பெயரை மட்டும் வைத்து அதை முடிவு செய்வதில்லை. நுரையீரல் இப்போது எப்படி இருக்கிறது, வானத்தில் திடீரென்று கைவிடுமா என்பதுதான் கணக்கு. விரிவான பதிலுக்கு, விமானத்துக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

விமானத்துக்குள்ளே ஒரு மலை

விமானம் 35,000 அடியில் பறக்கும்போது உள்ளே தரைமட்டக் காற்றழுத்தம் இருப்பதாகப் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. வழக்கமான பயணத்தில் கேபினுக்குள் காற்றழுத்தம் அதிகபட்சம் 8,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கலாம் என்பதுதான் விமான வடிவமைப்பு விதி. ஊட்டி ஏறத்தாழ 7,300 அடி. அதைவிடக் கொஞ்சம் மேலே உட்கார்ந்து பல மணி நேரம் வேலை பார்ப்பது போலத்தான் பைலட்டின் வேலை. போயிங் 787 போன்ற புதிய விமானங்களில் மட்டும் இது 6,000 அடி அளவுக்கு இறக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

8,000 அடிக் காற்றழுத்தத்தில் மூச்சு இழுப்பது, தரையில் 21 சதவிகித ஆக்ஸிஜனுக்குப் பதிலாக 15 சதவிகிதம் மட்டுமே உள்ள காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஞாபகம் இருக்கிறதா? 94-க்குக் கீழே போனால் ஆஸ்பத்திரிக்கு ஓடச் சொன்னார்கள். நல்ல ஆரோக்கியமான ஒருவருக்கே இந்தக் கேபின் உயரத்தில் அந்த எண் 90-லிருந்து 93 வரை இறங்கலாம். அவருக்கு ஒன்றும் ஆகாது, உடல் சமாளித்துக்கொள்ளும். ஆனால், தரையிலேயே 92-ல் நிற்கும் ஒரு நுரையீரல் அங்கே எங்கே போய் நிற்கும்? நுரையீரல் பற்றிய எல்லா விதிகளுக்கும் அடியில் இருப்பது இந்தக் கேள்விதான்.

அடுத்தது, காற்று விரிவது. அழுத்தம் குறைந்தால் அடைபட்ட காற்று பெருக்கும். தரையிலிருந்து 8,000 அடிக்குப் போகும்போது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். சாதாரண நுரையீரலில் காற்று போய் வந்துகொண்டே இருப்பதால் சிக்கல் இல்லை. நாள்பட்ட நோயால் நுரையீரலில் காற்றுப் பைகள் உப்பி, அதில் காற்று மாட்டிக்கொண்டிருந்தால், அந்தப் பை மேலே போய் வெடித்துவிடும் ஆபத்து இருக்கிறது.

இதெல்லாம் வழக்கமான பயணத்தின் கதை. விபரீத நேரத்தின் கதை வேறு.

2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குக் கிளம்பிய ஜெட் ஏர்வேஸ் விமானத்தில் 166 பயணிகள் இருந்தார்கள். கேபினுக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் அமைப்பின் சுவிட்ச் போடப்படாமலேயே விமானம் மேலே ஏறியது. 30 பேருக்கு மேல் மூக்கிலும் காதிலும் ரத்தம். ஆக்ஸிஜன் முகமூடிகள் தொங்கின. விமானம் மும்பைக்கே திரும்பி இறங்கியது. அந்த விமானம் அதிக உயரத்துக்குப் போகும் முன்பே விஷயம் தெரிந்துவிட்டது. 2005 ஆகஸ்ட் 14 அன்று கிரீஸில் விழுந்த ஹீலியோஸ் விமானத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. காற்றழுத்தம் இல்லாமல் ஏறிக்கொண்டே போய், பைலட்டுகள் நினைவிழந்து, 121 பேரும் இறந்தார்கள்.

35,000 அடியில் கேபின் அழுத்தம் போய்விட்டால் ஒரு மனிதன் தெளிவாக யோசித்துச் செயல்படக் கிடைக்கும் நேரம் 30 முதல் 60 விநாடிகள். 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடங்கள். பைலட் முகமூடியை விநாடிகளில் மாட்டிக்கொண்டு விமானத்தை 10,000 அடிக்குக் கீழே இறக்க வேண்டும். இது ஆரோக்கியமான நுரையீரலுக்கான நேரம். காக்பிட்டில் புகை வந்தால் அது இன்னொரு சோதனை. தூசியிலேயே இழுக்கும் மூச்சுக்குழாய் புகையில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

விதியில் என்ன இருக்கிறது?

1944-ல் சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கையின் கீழ் இயங்குகிறது ஐ.சி.ஏ.ஓ. என்ற சர்வதேச அமைப்பு. பைலட்டுகளின் உடல்தகுதிக்கு அது வகுத்த தரத்தைத்தான் இந்தியாவும் பின்பற்றுகிறது. இங்கே அதை நடைமுறைப்படுத்துவது டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்.

நுரையீரல் பற்றி அந்தத் தரம் சொல்வதை வீட்டுத் தமிழில் சொன்னால் இப்படி வரும். வழக்கமான நேரத்திலோ அவசர நேரத்திலோ ஆளைச் செயலிழக்க வைக்கக்கூடிய நுரையீரல் கோளாறு எதுவும் இருக்கக் கூடாது. சி.ஓ.பி.டி. என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருந்தால் தகுதி இல்லை. ஆனால் முறையாகப் பரிசோதித்து, பறப்பதற்கு அது இடைஞ்சல் இல்லை என்று தெரிந்தால் தகுதி உண்டு. ஆஸ்துமா கணிசமான தொந்தரவு தந்தாலோ, செயலிழக்க வைக்கும் என்று தெரிந்தாலோ தகுதி இல்லை. ஆஸ்துமா மருந்துகளில் பறப்பதற்குப் பாதுகாப்பானவை மட்டுமே ஏற்கப்படும். நுரையீரலில் காசநோய் இப்போது இருந்தால் தகுதி இல்லை. ஆறிப்போன காசநோய்த் தழும்பு இருந்தால் தகுதி கொடுக்கலாம்.

கவனித்துப் படித்தால் ஒன்று புரியும். 'ஆஸ்துமா வந்தவர் பைலட் ஆகக் கூடாது' என்று அதில் எங்கும் இல்லை. கோச்சிங் சென்டர்களிலும் யூடியூபிலும் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக் குழப்புவது இந்த இடத்தில்தான்.

ஏன் இப்படி 'ஆனால்' போட்டு எழுதியிருக்கிறார்கள்? அதற்குப் பின்னால் சுவாரஸ்யமான கணக்கு ஒன்று இருக்கிறது. விமான மருத்துவத்தில் அதற்கு 'ஒரு சதவிகித விதி' என்று பெயர். ஒரு பைலட் அடுத்த ஓராண்டில் நோயால் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு 100-ல் 1-க்கு மேல் போகக் கூடாது என்பதுதான் அது. ஓராண்டில் 8,760 மணி நேரம். சுமாராக 10,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் அது நடக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. மேலே ஏறும் நேரமும் இறங்கும் நேரமும்தான் உண்மையில் ஆபத்தானவை. அவை பயணத்தில் பத்தில் ஒரு பங்கு. எனவே, கோடியில் ஒன்று. பக்கத்தில் இன்னொரு பைலட் இருக்கிறார். அவர் 100 தடவையில் 99 தடவை சமாளித்துவிடுவார் என்றால், விபத்து வரை போகும் வாய்ப்பு நூறு கோடி மணி நேரத்தில் ஒன்று. விமானத்தின் இன்ஜினுக்கும் இறக்கைக்கும் கேட்கும் அதே அளவு நம்பகத்தன்மையைப் பைலட்டின் உடம்பிடமும் கேட்கிறார்கள்.

இந்தக் கணக்கில் இரண்டாவது பைலட் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். அதனால்தான் பல நாடுகளில் கட்டுக்குள் இருக்கும் நோயுள்ள பைலட்டுக்கு 'தனியாகப் பறக்கக் கூடாது, தகுதியுள்ள இன்னொரு பைலட்டுடன் பறக்கலாம்' என்ற நிபந்தனையோடு சான்றிதழ் தருகிறார்கள்.

வீசிங்கை எப்படி எடைபோடுவார்கள்?

குழந்தைப் பருவத்தில் இழுப்பு வந்த பலருக்கு வளர வளர அது குறைந்துவிடும். சிலருக்குப் பத்து வருடம் ஓய்வெடுத்துவிட்டுத் திரும்ப வரும். எனவே 'ஏழு வயதில் வந்தது' என்பதைவிட, 'கடைசியாக எப்போது வந்தது' என்பதற்குத்தான் மதிப்பு அதிகம்.

இதற்கு அளவுகோலாக அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. வைத்திருக்கும் பட்டியலைப் பார்க்கலாம். இந்தியாவின் முடிவு டி.ஜி.சி.ஏ. மருத்துவர்கள் கையில்தான் என்றாலும், எதையெல்லாம் கேட்பார்கள் என்று இது காட்டிக்கொடுக்கும். வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் தொந்தரவு இருக்கக் கூடாது. உடனடி நிவாரணத்துக்கான இன்ஹேலரை வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் அடிக்கும் நிலை இருக்கக் கூடாது. கடந்த ஓராண்டில் ஆஸ்துமாவுக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருக்கக் கூடாது. மூச்சுத் திறன் பரிசோதனையில் எண்கள், அந்த வயது உயரத்துக்கு எதிர்பார்ப்பதில் 80 சதவிகிதமாவது இருக்க வேண்டும். இத்தனையும் சரியாக இருந்தால் அங்கே பரிசோதிக்கும் மருத்துவரே சான்றிதழைக் கையில் கொடுத்துவிடலாம்.

மூச்சுத் திறன் பரிசோதனை என்பது ஸ்பைரோமெட்ரி. ஊரில் 'ஊதுற டெஸ்ட்' என்பார்கள். ஆழமாக மூச்சை இழுத்து, குழாயில் வேகமாக, முழுசாக ஊத வேண்டும். மொத்தம் எவ்வளவு காற்று வந்தது, அதில் முதல் விநாடியில் எவ்வளவு வந்தது என்று மெஷின் கணக்கிடும். நல்ல நுரையீரல் முதல் விநாடியிலேயே முக்கால் பங்கைத் தள்ளிவிடும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை அடித்த பிறகும் அது 70 சதவிகிதத்தைத் தாண்டவில்லை என்றால் சி.ஓ.பி.டி-யைச் சந்தேகிப்பார்கள். மருந்துக்குப் பிறகு நன்றாக ஏறினால் அது பெரும்பாலும் ஆஸ்துமாவின் குணம். ஆரணியிலிருந்து பஸ் ஏறினால் வேலூர் பெரிய தூரமில்லை. அங்குள்ள பெரிய மருத்துவமனையிலேயே இதைச் செய்துகொள்ளலாம். தரையில் எண் சரியாக இருந்தும் சந்தேகம் இருந்தால், 15 சதவிகித ஆக்ஸிஜன் உள்ள காற்றை 20 நிமிடம் சுவாசிக்க வைத்துப் பார்க்கும் பரிசோதனையும் உண்டு. விமானத்தை நோயாளியிடம் கொண்டுவருவது போல.

மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. இழுத்துக்கொள்ளும் ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றாலே பயப்படும் வீடுகள் நிறைய. 'பழகிடும்' என்று நிறுத்திவிட்டு, இழுப்பு வந்தால் மாத்திரை போடுவார்கள். பைலட் தகுதியைப் பொறுத்தவரை இது தலைகீழ். ஐரோப்பிய விதிகளில் இன்ஹேலர் ஸ்டீராய்டு ஏற்கப்படுகிறது. வாய்வழி ஸ்டீராய்டு மாத்திரை தகுதியைப் பறிக்கிறது. தினமும் ஒழுங்காக இன்ஹேலர் எடுத்து அமைதியாக இருக்கும் நுரையீரல்தான் மருத்துவர்களுக்குப் பிடித்த நுரையீரல்.

இன்ஹேலரில் இன்னொரு சின்னச் சிக்கலும் உண்டு. சில இன்ஹேலர்களில் மருந்தைக் கரைக்கச் சிறிதளவு ஆல்கஹால் சேர்க்கப்படுகிறது. விமானம் ஏறும் முன் பைலட் ஊதும் மதுப் பரிசோதனையில், இந்தியாவில் சுழியம்தான் அனுமதி. ஆல்கஹால் உள்ள மவுத்வாஷைக்கூடப் பயன்படுத்தக் கூடாது என்று 2023-ல் திருத்திய விதியில் சேர்த்திருக்கிறார்கள். எனவே எந்த இன்ஹேலர் என்பதையும் விமான மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நாற்பதுக்கு மேல் வரும் நோய்

சி.ஓ.பி.டி. பதினெட்டு வயதுப் பிள்ளையின் நோய் அல்ல. ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும், நாற்பது ஐம்பதைக் கடந்த பைலட்டின் நோய். சிகரெட் முதல் காரணம். அடுத்து வருடக்கணக்கில் இழுத்த புகையும் தூசியும். சிகரெட்டைத் தொடாத பெண்களுக்கும் விறகடுப்புப் புகையால் இது வருகிறது என்பதை ஆரணிப் பக்கத்துப் பாட்டிமார் நெஞ்சே சொல்லும்.

இந்த நோயின் குணம் மெதுவாக வருவது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் 'வயசாயிடுச்சு' என்று ஆளே ஏமாந்துவிடுவார். கமர்ஷியல் பைலட்டுக்கு ஆண்டுதோறும், 60 வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆரம்ப நிலையில் பிடித்து, சிகரெட்டை நிறுத்தி, மூச்சு எண் நிலையாக இருந்து, காற்று மாட்டிய பைகள் இல்லை என்று ஸ்கேன் சொன்னால், பல நாடுகளில் குறுகிய காலச் சான்றிதழோடு பறக்க விடுகிறார்கள். எண் இறங்கிக்கொண்டே போனால் தரையில்தான் வேலை. இதில் இரக்கத்துக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

சிறு வயதிலேயே தகுதியைத் தட்டிப் பறிக்கும் இன்னொன்று, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கிப்போவது. உயரமான, ஒல்லியான இளைஞர்களுக்குக் காரணமே இல்லாமல் வரும். ஒருமுறை வந்தால், குறிப்பாக முதல் ஓராண்டில், திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். காத்திருந்தோ, அறுவை சிகிச்சை செய்துகொண்டோ மறுபடி தகுதி பெற்றவர்கள் உண்டு. ஆக, அதுவும் முற்றுப்புள்ளி இல்லை.

காசநோய் வந்து மருந்தை முழுசாக முடித்தவர்களுக்கு இந்த விதி கருணை காட்டுகிறது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். எக்ஸ்ரேயில் பழைய தழும்பு தெரியும். அதைப் பார்த்துப் பதறி, சிகிச்சைச் சீட்டைக் கிழித்துப் போடுபவர்கள் தாங்களே தங்கள் வாய்ப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். 'மருந்து முடித்தாயிற்று, சளியில் கிருமி இல்லை' என்ற சீட்டுதான் அங்கே காப்பாற்றும்.

சொல்லலாமா, மறைக்கலாமா?

வீட்டில் பேச்சு இப்படித்தான் போகும். "இன்னாத்துக்குடா அதெல்லாம் போய் எழுதுற? சின்னப் புள்ளையில வந்துச்சு, போயிடுச்சு" என்பார் பாட்டி. "கேட்டா சொல்லிக்கலாம்டா" என்பார் அப்பா. ஏஜென்ட் ஒருவர் இருந்தால் அவரும் அதையே சொல்வார்.

கேட்பார்கள். பரிசோதனைக்கு முன் பழைய நோய், மருந்து, ஆஸ்பத்திரி விவரங்களை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பொய் எழுதினால் அது நோயைவிடப் பெரிய குற்றம். பிற்பாடு தெரியவந்தால் லைசென்ஸே போகும். கட்டுக்குள் இருக்கும் ஆஸ்துமா தகுதியைக் கெடுக்காமல் போக வாய்ப்பு இருக்கும்போது, அதை மறைத்த கையெழுத்து எல்லாவற்றையும் கெடுத்துவிடும். இன்ஹேலரை வீட்டில் ஒளித்துவிட்டு காக்பிட்டில் உட்காருபவர், அந்த ஒரு சதவிகிதக் கணக்கையே உடைக்கிறார். பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு அது தெரியாது. பின்னால் இருக்கும் 180 பேருக்கும் தெரியாது.

இதில் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பட்டுச்சேலைக் கூலியில் சேர்த்த பணமும் கடனும் அதில் இருக்கிறது. இந்தியாவில் கமர்ஷியல் பைலட் பயிற்சிக்கு அரைக் கோடி ரூபாயைச் சுற்றிச் செலவாகிறது. அதைக் கட்டிய பிறகு உண்மை பேசுவது கஷ்டம். அதனால்தான் வரிசை முக்கியம்: முதலில் மெடிக்கல், பிறகு பணம்.

எங்கே, எப்படி?

மாணவர் பைலட்டுக்குத் தேவைப்படுவது கிளாஸ் 2 மருத்துவச் சான்று. டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். மார்பு எக்ஸ்ரே, இ.சி.ஜி., ரத்தம், சிறுநீர், கண், காது என்று பார்த்து, அறிக்கை ஆன்லைனில் டி.ஜி.சி.ஏ-வுக்குப் போகும். அதன் பிறகு கமர்ஷியல் லைசென்ஸுக்கான கிளாஸ் 1. இதை விமானப்படையின் மையங்கள் உட்பட டி.ஜி.சி.ஏ. ஒப்புக்கொண்ட இடங்களில்தான் எடுக்க முடியும். டெல்லியில் ஒன்று, பெங்களூரில் 1957-ல் தொடங்கிய விமான மருத்துவக் கழகம் ஒன்று. ஆரணிக்காரர்களுக்கு வேலூர், கிருஷ்ணகிரி வழியாக பெங்களூரே கிட்டத்தில்.

கிளாஸ் 2 கையில் வந்துவிட்டது என்று உடனே பயிற்சிப் பள்ளிக்குப் பெரிய தொகையைக் கட்டிவிடாதீர்கள். கிளாஸ் 1-ல்தான் உண்மையான சல்லடை. இரண்டையும் முடித்த பிறகு கட்டுவதே புத்திசாலித்தனம். பரிசோதனைச் செலவு சில ஆயிரங்கள் என்றாலும், அது அரைக் கோடிக்குக் காவல்.

முடிவு மூன்று விதமாக வரலாம். தகுதி, தற்காலிகத் தகுதியின்மை, நிரந்தரத் தகுதியின்மை. 'தற்காலிகம்' என்று வந்தால் அழ வேண்டியதில்லை. நிபுணரிடம் காட்டு, சிகிச்சை எடு, எண்ணோடு திரும்பி வா என்று அர்த்தம். நிரந்தரம் என்றாலும் மறுபரிசீலனை கேட்க வழி இருக்கிறது. அதற்கு வெறும் மனு போதாது. புதிய மருத்துவ ஆதாரம் வேண்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவ வீரர்கள் உள்ள ஊர் உண்டு. இந்த வட்டாரத்தில் 'மெடிக்கல்' என்றாலே ராணுவ மெடிக்கல்தான் நினைவுக்கு வரும். அந்த அனுபவத்தில் பெரியவர்கள் "இழுப்பு இருந்தா வெளிய அனுப்பிடுவாங்க" என்பார்கள். ராணுவத்துக்கும் விமானப்படைக்கும் அது சரிதான். ஆஸ்துமா வரலாறு இருந்தாலே அங்கே கதவு சாத்தப்படும். போர் விமானத்தில் பறக்கும் உடம்பிடம் எதிர்பார்ப்பது வேறு. பயணிகள் விமானத்தின் விதி அது அல்ல.

தகுதி கிடைக்காமலே போனால்? விமானத்தைப் பழுது பார்க்கும் பராமரிப்பு இன்ஜினீயருக்கு இந்த கிளாஸ் 1 சல்லடை கிடையாது. விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளருக்கு கிளாஸ் 3 என்று தனிச் சான்று உண்டு; அவர் தரையில் உட்கார்ந்து வேலை பார்ப்பதால் 8,000 அடிப் பிரச்னை அவருக்கு இல்லை. இரண்டுமே விமானத்தைத் தொட்டு வாழும் வேலைகள்தான்.

பரிசோதனைக்குப் போகும்போது கையில் ஒரு ஃபைல் இருக்கட்டும். எந்த வயதில் இழுப்பு வந்தது, கடைசியாக எப்போது, எந்த மருந்து எத்தனை நாள், ஆஸ்பத்திரியில் சேர்த்ததா, ஊதிய டெஸ்டின் எண்கள், நுரையீரல் நிபுணரின் கடிதம். அப்பா அம்மாவின் வேலையையும் நிபுணரிடம் சொல்லுங்கள். கர்நாடகத்தில் பட்டுக்கூட்டிலிருந்து நூல் எடுக்கும் ஆலைகளில் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆரணிக்கு வருவது நூலாக எடுத்த பட்டு என்பதால் அதே அளவு ஆபத்து என்று சொல்ல முடியாது. ஆனாலும் பசை நீக்கும் இடமும், சாயத் தொட்டியும், பக்கத்து ரைஸ் மில்லும் வீட்டை ஒட்டி இருந்தால், இழுப்புக்குக் காரணம் பிள்ளையின் உடம்பா, வீடு இருக்கும் இடமா என்று பிரித்துப் பார்க்க அது உதவும். ஊரை விட்டு ஹாஸ்டலுக்குப் போன ஆறு மாதத்தில் இழுப்பே வரவில்லை என்றால், அதையும் தேதியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சளி, காய்ச்சல், இருமல் இருக்கும் வாரத்தில் மெடிக்கலுக்குப் போகாதீர்கள். தேதியைத் தள்ளி வையுங்கள். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சில வாரங்கள் மூச்சுக்குழாய் தொட்டால் சுருங்கி மாதிரி இருக்கும். வருடம் முழுக்க நன்றாக இருந்த பிள்ளைகூட அந்த வாரத்தில் ஊதினால் மோசமான எண்ணைக் கொடுத்துவிடலாம். அந்த எண் ஃபைலில் ஏறிவிட்டால், பிறகு அதற்கு விளக்கம் சொல்லவே இன்னொரு டெஸ்ட் எடுக்க வேண்டியிருக்கும்.